சூரியகாந்திப் புண்ணாக்கில் புரதம்: பச்சை நிறமும் குறைந்த விளைச்சலும் ஏன்?

யீஷூன்_அடுக்களை | #1

வணக்கம். சோயா சேர்க்காத பர்கர் பட்டிக்கும் முறுக்கு மாவுக்கும் சூரியகாந்திப் புண்ணாக்கிலிருந்து புரதம் பிரித்துப் பார்த்தேன். அளவுகளை அப்படியே தருகிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

திருகுச் செக்கில் பிழிந்த புண்ணாக்கு. ஆய்வகத் தாளில் புரதம் 40%, எண்ணெய் 12%, ஈரம் 8%. மாவு 100 கிராம், நீர் 1 லிட்டர். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் விட்டு பிஎச் (அமிலம், காரம் காட்டும் அளவு) 9.5. 50 டிகிரியில், மூடாத பாத்திரத்தில் 1 மணி நேரம் கலக்கினேன். மையவிலக்கியில் சுற்றி, தெளிநீரை மட்டும் எடுத்து, அமிலம் விட்டு பிஎச் 4.5க்கு இறக்கி, படிந்ததை உலர்த்தினேன்.

கிடைத்தது 11 கிராம். கரும்பச்சை. நாக்கில் வைத்தால் துவர்ப்பு ஒட்டிக்கொள்கிறது. சுற்றிய குப்பியில் மேலே வெண்ணெய் போல ஒரு படலம் நிற்கிறது. சோயாவில் இதே முறை நன்றாக வருகிறதே, இதில் ஏன் வரவில்லை?

காரநீர் | #2

பச்சைக்குக் காரணம் குளோரோஜெனிக் அமிலம். காப்பிக்கொட்டையில் இருக்கும் அதே பொருள். சூரியகாந்திப் பருப்பில் அதிகம், எண்ணெய் போன பின் மாவில் 1 முதல் 4% வரை நிற்கும். பிஎச் 8ஐத் தாண்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோனாக மாறி, புரதத்தின் அமினோ தொகுதிகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டுதான் பச்சை. சூரியகாந்தி மாவில் ஆப்பசோடா போட்டு பிஸ்கட் சுட்டாலும் உள்ளே பச்சையாவது இதனால்தான்.

நீங்கள் பிஎச் 9.5, 50 டிகிரி, 1 மணி நேரம், மூடாத பாத்திரம் என்று நான்கையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். சோயாவில் இந்த அமிலம் பொருட்படுத்தும் அளவில் இல்லை. அதனால் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

பிஎச்_மானி | #3

காரநீர் சொன்னது சரி. அதோடு ஒன்று: இதை வெறும் நிறப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குயினோன் முதலில் போய்ப் பிடிப்பது லைசின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை: லைசினின் பக்கவாட்டு அமினோ தொகுதியையும் சிஸ்டீனின் கந்தகத் தொகுதியையும். சூரியகாந்திப் புரதத்தில் ஏற்கெனவே குறைவாக இருப்பது லைசின். அதையும் இப்படிக் கட்டிப்போட்டால் உடலுக்குக் கிடைப்பது இன்னும் குறையும். ஆகவே பச்சையான தொகுதியை மசாலா போட்டு மறைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

11 கிராம் மட்டும் வந்ததற்கு ஒரே காரணம் இல்லை.

முதலாவது, புரதம் கரையவே இல்லை. செக்கிலிருந்து வெளிவந்தபோது புண்ணாக்கு எத்தனை டிகிரியில் இருந்தது? குளிர்முறை என்று எழுதி விற்பதில்கூட வெளிவாயில் 80, 90 டிகிரி இருப்பதுண்டு, உருளைக்குள் அதைவிட அதிகம். வெந்த புரதம் காரநீரிலும் முழுதாகக் கரையாது. சக்கையோடு போய்விடும்.

இரண்டாவது, அந்த வெண்ணெய்ப் படலம். 12% எண்ணெயைக் காரநீரில் கலக்கினால் புரதம் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். புரதத்துக்கு அது இயல்பான வேலை. மேலே நின்ற படலத்தில் எண்ணெயோடு உங்கள் புரதமும் இருக்கிறது. அதை வழித்துப் போட்டிருந்தால் அது நேரடி நட்டம்.

மூன்றாவது, அமிலத்தில் படியாத புரதம். சூரியகாந்தியில் பெரும்பகுதி ஹீலியாந்தினின் என்ற 11எஸ் குளோபுலின், பெரிய புரத மூலக்கூறு. இது பிஎச் 4.5 அருகே படியும். மீதியில் கணிசமான பங்கு 2எஸ் ஆல்புமின். சிறிய மூலக்கூறு, கந்தக அமினோ அமிலம் நிறைந்தது, எந்த பிஎச்சிலும் கரைந்தே நிற்கும். அமிலம் விட்டபின் நீங்கள் கொட்டிய மேல்நீரில் அது போயிருக்கும். வேண்டுமென்றால் 10 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அலகு) சவ்வில் வடிகட்டித்தான் பிடிக்க வேண்டும்.

நல்ல புண்ணாக்கு, நல்ல கை என்றால் 100 கிராமில் 20 முதல் 22 கிராம் எதிர்பார்க்கலாம். கணக்கு இது: 40 கிராம் புரதத்தில் 65% கரைந்தால் 26, அதில் 80% படிந்தால் சுமார் 21, கழுவும்போது கொஞ்சம் போகும், தூய்மை 90% என்றால் தூளாக ஏறக்குறைய 22. இந்த முறையில் இதற்கு மேல் கேட்பது பேராசை.

ஆய்வகத் தாளையும் ஒருமுறை பாருங்கள். 40% என்பது நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கியதா? சூரியகாந்திக்கும் எள்ளுக்கும் உரிய பெருக்கெண் 5.30, நிலக்கடலைக்கு 5.46, சோயாவுக்கு 5.71. 5.30 வைத்தால் உங்கள் 40 என்பது 33.9தான். வாங்கும்போது ஒரு எண், விற்கும்போது வேறு எண் என்று இருந்தால் விளைச்சல் கணக்கு எப்போதும் இடறும்.

செனோக்கோ_செக்கு | #4

நான் இயந்திரப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தண்ணீர் தொடுவதற்கு முன்னாலேயே முக்கால் பங்கு முடிவாகிவிடுகிறது. புண்ணாக்கு என்றாலே மாட்டுத் தீவனம்தான் நினைவுக்கு வரும். ஆலையில் எல்லாம் எண்ணெய்க்காகவே அமைக்கப்பட்டிருக்கும்: எவ்வளவு சூடு வைத்தால் எவ்வளவு எண்ணெய் கூடும் என்றுதான் பார்ப்பார்கள். மனிதர் உண்ணும் புரதம் வேண்டுமென்றால் விதையிலிருந்தே வேறு வழி போக வேண்டும்.

ஓடு: சூரியகாந்தி விதையின் எடையில் 20 முதல் 30% ஓடு. ஓட்டோடு பிழிந்தால் புண்ணாக்கில் புரதம் 28% சொச்சம்தான், நார் நிறைய. உங்களுடையது 40% என்றால் பெரும்பாலும் உரித்தது, ஆனால் ஓட்டுத்துண்டு கொஞ்சம் கலந்திருக்கும். கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? இங்கே சிங்கப்பூரில் குவாச்சி என்று கொறிப்பதற்கு வருவது ஓட்டோடு இருக்கும், அதை வாங்காதீர்கள். பேக்கரிப் பொருள் மொத்தக் கடைகளில் உரித்த பருப்பு கிடைக்கும்.

ஆனால் முழுதும் உரித்த பருப்பை அப்படியே திருகுச் செக்கில் போட்டாலும் சிக்கல். பிடிமானம் இருக்காது. களி போலாகித் திருகோடு சேர்ந்தே சுற்றும், பின்னுக்கு வழியும், எண்ணெயில் வண்டல் ஏறும். சுத்தமான ஓட்டில் 5 முதல் 10% திரும்பச் சேர்த்தால் எண்ணெய் வடிய வழி கிடைக்கும். பிறகு சல்லடையில் அதை எடுத்துவிடலாம்.

ஈரம்: பருப்பில் 5 முதல் 6% வைத்துக்கொள்ளுங்கள். 8% போனால் களி. 4%க்குக் கீழே போனால் உராய்வுச் சூடு ஏறும். இங்கே வெளிக்காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தாலே ஈரம் ஏறிவிடும், அதனால் பிழிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

வெளிவரும் புண்ணாக்கு 65 டிகிரிக்குள் இருக்கும்படி திருகின் வேகத்தைக் குறையுங்கள். ஒரே இழுப்பில் எண்ணெயை முழுதாக எடுக்கப் பார்க்க வேண்டாம். ஒரு முறை பிழிந்து, ஆறவைத்து, உடைத்து, மறுபடி பிழியுங்கள்.

யீஷூன்_அடுக்களை | #5

நன்றி அண்ணே. விற்றவரிடம் கேட்டேன், வெளிவாயில் 95 டிகிரி என்றார். கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. தாளில் பெருக்கெண் 6.25தான்.

மூன்று கேள்விகள். பிஎச் 7இல் கரைத்தால் பச்சை வராதா? அஸ்கார்பிக் அமிலம் போடலாமா? 90% தூய்மை இல்லாமல் பட்டி செய்ய முடியுமா?

காரநீர் | #6

பிஎச் 7இல் பச்சை மிகக் குறையும், ஆனால் வெறும் நீரில் குளோபுலின் சரியாகக் கரையாது. அதற்கு உப்பு வேண்டும். சாதாரண சமையல் உப்பு 1 மோலார் அளவில், அதாவது லிட்டருக்கு 58 கிராம், பிஎச் 6 முதல் 7 என்று வைத்தால் ஹீலியாந்தினின் கரைந்து வரும், நிறம் வெளிர் சாம்பலாக நிற்கும். பிறகு நீர் சேர்த்து உப்பை நீர்க்கச் செய்து பிஎச் 4.5க்கு இறக்கினால் படியும். தொல்லை, எல்லா உப்பையும் கழுவி எடுக்க வேண்டும். சவ்வு வடிகட்டி இல்லாமல் 4, 5 தடவை கழுவினால்தான் நாக்கில் உப்புத் தெரியாது.

அஸ்கார்பிக் அமிலம் போடலாம். நீரில் 0.1% முதலிலேயே கரைத்து வைத்துக்கொண்டு பிறகு மாவைப் போடுங்கள். பச்சையான பிறகு போட்டால் பயன் இல்லை, குயினோன் அதற்குள் புரதத்தோடு சேர்ந்திருக்கும். சோடியம் சல்ஃபைட்டும் நன்றாகத் தடுக்கும். ஆனால் பொட்டலத்தில் கிலோவுக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் சல்ஃபைட் இருந்தால் இங்கே கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஒவ்வாமைக்குப் பயந்து சோயாவைத் தவிர்க்கும் வாடிக்கையாளருக்கு இன்னொரு ஒவ்வாமை வரியைக் காட்டுவதில் பொருள் இல்லை.

பிஎச்_மானி | #7

மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பட்டிக்கும் முறுக்குக்கும் 90% எதற்கு? அது தெளிந்த பானத்துக்கும் புரதப் பொடிக்கும் வேண்டும். பட்டிக்கு 50% போதும், நார் இருந்தால் நீரைப் பிடித்துக்கொள்ளும், அதுவும் நல்லதே.

புரதத்தைக் கரைத்து எடுப்பதற்குப் பதிலாக, புரதத்தை மாவிலேயே இருத்திவிட்டு மற்றதைக் கழுவி எடுங்கள். பிஎச் 4.8இல் குளோபுலின் கரையாது. சர்க்கரை, உப்பு, குளோரோஜெனிக் அமிலம் மூன்றும் கரையும். அந்த அமிலத்தன்மையில் குளோரோஜெனிக் அமிலம் தானாக ஆக்சிஜனேற்றமும் ஆகாது.

செய்முறை: மாவு 1 கிலோ, 500 மைக்ரான் சல்லடையில் சலித்தது. நீர் 8 லிட்டர், அதில் அஸ்கார்பிக் அமிலம் 4 கிராம். சிட்ரிக் அமிலக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 4.8. அரை மணி நேரம் மெதுவாகக் கலக்குங்கள். துணிப்பையில் பிழியுங்கள் அல்லது சுற்றுங்கள். 5 லிட்டர் அமில நீரில் இன்னும் இரண்டு தடவை. கடைசியில் பிஎச் 6.5க்கு ஏற்றுங்கள், 7ஐத் தாண்ட வேண்டாம். தட்டில் மெல்லியதாகப் பரப்பி 60 டிகிரிக் காற்றில் ஈரம் 6% வரும்வரை உலர்த்துங்கள்.

100 கிலோ புண்ணாக்கில் உலர்பொருள் 92 கிலோ. 20 கிலோ சர்க்கரை முதலியனவும் 6 கிலோ புரதமும் நீரில் போகும். மிச்சம் 66 கிலோ, அதில் புரதம் 34, அதாவது 51%. 22 கிலோ தூளோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு பொருள்.

செனோக்கோ_செக்கு | #8

கணக்கில் எண்ணெய் விட்டுப்போய்விட்டது. 12 கிலோ எண்ணெய் எங்கேயும் போகாது, 66 கிலோவிலேயே நிற்கும். 18% எண்ணெய்! இந்த வெக்கையில் அது இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். மிக மெல்லியதாகப் பரப்பிச் சூடுகாற்றில் உலர்த்துவதே எண்ணெய் கெட ஒரு தொடக்கம். முதலில் எண்ணெயை 6, 7%க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

பிஎச்_மானி | #9

ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டது என் தவறு. எண்ணெய் 7%க்கு இறங்கிய மாவில் தொடங்கினால் முடிவில் 10 அல்லது 11%. அதையும் நைட்ரஜன் நிரப்பிய அலுமினியப் பையில், குளிரில்தான் வைக்க வேண்டும்.

ஜூரோங்_ஆய்வகம் | #10

இடையில் வருகிறேன். எத்தனால் கலந்த நீரில் கழுவினால் எண்ணெய், குளோரோஜெனிக் அமிலம், துவர்ப்பு மூன்றும் சேர்ந்து போகும், நிறமும் நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். 50 முதல் 70% எத்தனாலில் பீனால்கள் நன்றாகக் கரையும், உண்மை. எண்ணெய் அந்த நீர் கலந்த எத்தனாலில் சரியாகக் கரையாது, அது தவறான நம்பிக்கை. எண்ணெய்க்கு ஏறக்குறைய தூய எத்தனால் சூடாக வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் தீ. 70% எத்தனால் ஏறக்குறைய 21 டிகிரியிலும், 50% ஏறக்குறைய 24 டிகிரியிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். சிங்கப்பூரில் குளிரூட்டாத அறை எப்போதும் அதைவிடச் சூடு. சாதாரண மோட்டார் வைத்த கலக்கி, சாதாரண மையவிலக்கி, சாதாரண உலர்த்தி எதிலும் இதைச் செய்யக்கூடாது. எரியக்கூடிய திரவம் சேமிக்கக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் இருக்கின்றன, அளவு கூடினால் உரிமம் வேண்டும். எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் பற்றிப் பேசவே வேண்டாம், அது ஆலைக்குரியது. பெரிய ஆலையிலும் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் வழக்கமான டிசால்வென்டைசர் டோஸ்டர் 100 டிகிரிக்கு மேல் நீராவி விட்டுப் புரதத்தை வேகவைத்துவிடும். அதனால்தான் சோயா உணவுத் தொழிலில் வெண் செதில் என்று தனியாக, வேகமாகக் குறைந்த சூட்டில் கரைப்பானை எடுத்துச் செய்கிறார்கள்.

அடுத்து கழிவுநீர். 1 கிலோவுக்கு 18 லிட்டர் என்றால் 100 கிலோவுக்கு 1,800 லிட்டர். மூன்றாம் கழுவல் நீரை அடுத்த தொகுதியின் முதல் கழுவலுக்கு என்று எதிர்த்திசையில் சுழற்றினால் 800 லிட்டர் வரை குறைக்கலாம். ஆனால் கரைந்துபோன 26 கிலோவும் அதிலேயே. வேதி ஆக்சிஜன் தேவை (கழிவுநீரின் அழுக்கைக் காட்டும் அளவு) லிட்டருக்கு 30,000 மி.கி.யைத் தாண்டும். பொதுச் சாக்கடைக்கு விட இங்கே வரம்பு 600 மி.கி., உயிர்வேதித் தேவைக்கு 400 மி.கி., பிஎச் 6 முதல் 9. நீர் வாரியமான பியுபியின் அனுமதியும் கட்டணமும் இல்லாமல் ஊற்ற முடியாது. தொழில் செய்ய நினைப்பவர்கள் இதை முதல் நாளே கணக்கில் எடுக்க வேண்டும். புரதம் எடுப்பவர்களில் பலர் இயந்திர விலையைப் பார்க்கிறார்கள், சாக்கடைக் குழாயைப் பார்ப்பதில்லை.

தேக்கா_மளிகை | #11

எல்லாரும் சூரியகாந்தியிலேயே நிற்கிறீர்களே. எள்ளும் கடலையும் நம் பொருள். செக்கு எள்ளுப் புண்ணாக்கு இனிப்பாகக்கூட இருக்குமே, அதை அரைத்துச் சேர்க்க முடியாதா?

பிஎச்_மானி | #12

அந்த இனிப்பு கருப்பட்டி. மரச்செக்கில் எள் ஆட்டும்போது எண்ணெய் பிரியக் கருப்பட்டி சேர்ப்பார்கள், அது புண்ணாக்கில் தங்கும். கொஞ்சமாகத் தின்ன நன்றாக இருக்கும். புரதப் பொருளாக எடுத்தால் இரண்டு குறை. சர்க்கரையும் சூடும் சேர்ந்தால் லைசின் பழுப்பாகிக் கட்டுண்டு போகும். எள்ளில் லைசின் சூரியகாந்தியைவிடவும் குறைவு. மற்றது தோல். எள்ளின் தோலில்தான் ஆக்சலேட் பெரும்பகுதியும் குவிந்திருக்கிறது, கசப்பும் அங்கேதான். தோலோடு ஆட்டிய புண்ணாக்கு மனிதருக்கு அன்றாட உணவாக ஏற்றதல்ல.

எள்ளை முதலில் நீரில் ஊறவைத்துத் தேய்த்துத் தோலைக் கழற்றி, அடர்த்தியான உப்புநீரில் போட்டால் பருப்பு மிதக்கும், தோல் அடியில் தங்கும். மேற்காசியாவில் தஹினிக்குத் தொன்றுதொட்டு இப்படித்தான். நன்றாக அலசி, உலர்த்தி, மெல்லிய சூட்டில் பிழிந்தால் அருமையான மாவு. எள்ளின் பலம் மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம். பருப்பு வகையில் குறைவாக இருப்பது அது. இட்லிப் பொடியில் எள்ளையும் உளுந்தையும் சேர்க்கும் நம் வழக்கத்தில் இந்த இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது.

ஒவ்வாமை: எள் ஐரோப்பாவிலும், 2023 முதல் அமெரிக்காவிலும் கட்டாய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் கவனியுங்கள்.

ஜூரோங்_ஆய்வகம் | #13

கடலைக்கு வருகிறேன். எண்ணெய்வித்துப் புரதத்தை மனிதருக்கு உணவாக்குவதில் நிலக்கடலைக்கு நீண்ட வரலாறு உண்டு. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சிஎஃப்டிஆர்ஐ) 1950களில் செய்த பல்பயன் உணவு, கடலைமாவு 75 பங்கும் வறுத்த கொண்டைக்கடலை மாவு 25 பங்கும் வைட்டமின்களும் சேர்ந்தது. கடலைப் புரதத்தைப் பாலோடு சேர்த்து நீட்டிய மில்டோனும் அங்கிருந்து வந்ததே. அதே காலத்தில் குவாத்தமாலாவில் பருத்திக்கொட்டை மாவும் மக்காச்சோளமும் சேர்த்து இன்காபரினா செய்தார்கள். ஆகவே இன்று புதுமை என்று பேசப்படுவதில் பாதி அப்போதே செய்யப்பட்டது.

அந்த வேகத்தைத் தடுத்தது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் கூட்டமாக இறந்தபோதுதான் இந்த நஞ்சே அடையாளம் காணப்பட்டது. நஞ்சு எண்ணெயில் அதிகம் போகாது, புண்ணாக்கில் நிற்கும். பருப்பில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் இருந்தால், பாதி எடை எண்ணெயாகப் போனபின் மாவில் ஏறக்குறைய 20. ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் கடலைக்கு மொத்த அஃப்ளாடாக்சின் வரம்பு 4 மட்டும். சூடாக்கினாலும் இது எளிதில் அழியாது. ஆகவே கடலையில் வேலை முழுதும் தரம் பிரிப்பதில் இருக்கிறது: சுருங்கியது, நிறம் மாறியது, தோல் உரிந்து பூத்தது எல்லாவற்றையும் பிழிவதற்கு முன் பொறுக்கி எறிய வேண்டும். ஒவ்வொரு மூட்டைத் தொகுதிக்கும் சோதனை. எண்ணெய்க்கு என்று வாங்கிய மலிவுக் கடலையின் புண்ணாக்கை உணவில் சேர்க்கவே கூடாது.

மேலும் சிங்கப்பூரில் நிலக்கடலையும் சோயாவும் கட்டாயம் பெயர் குறிக்க வேண்டியவை. யீஷூன் தேடுவது சோயா இல்லாத ஒன்று. கடலை அவருக்கு விடையாகாது.

புக்கிட்_பாஞ்சாங் | #14

கடுகுக் குடும்பத்து எண்ணெய்வித்தான கனோலா?

காரநீர் | #15

புரதத் தரம் நல்லது, லைசினும் உண்டு. ஆனால் வீட்டளவில் வேண்டாம். குருசிஃபெரின், நாபின் என்று இரண்டு புரதம். நாபின் அமிலத்தில் படியவே படியாது, சவ்வு வடிகட்டி கட்டாயம். கசப்பு வேறு. அதற்கு முக்கியக் காரணம் கேம்ஃபெராலோடு சைனாபிக் அமிலம் இணைந்த ஒரு சேர்மம் என்று மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதன் புரதத்தைப் புதுவகை உணவாக 2014இல் அனுமதித்தது, கடுகு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையோடு. கடுகின் குடும்பம்தானே.

யீஷூன்_அடுக்களை | #16

அப்படியென்றால் கழுவாமலே செய்ய வழி இருக்கிறதா? வெறும் மாவாக?

செனோக்கோ_செக்கு | #17

இருக்கிறது, உங்கள் தேவைக்கு அதுதான் சரி.

உரித்த பருப்பை இரண்டு தடவை மெல்லிய சூட்டில் பிழியுங்கள். புண்ணாக்கை உறைபெட்டியில் ஒரு இரவு வைத்து, குளிராக இருக்கும்போதே அரையுங்கள். எண்ணெய் உறுதியாக நிற்கும், சல்லடைக் கண் அடைக்காது. மெதுவாக அரைத்தால் பருப்புப் பகுதி பொடியாகும், ஓடு நார்த்தன்மையால் பெரிய துண்டாகவே நிற்கும். 250 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். கீழே விழுவது உங்கள் மாவு, மேலே நிற்பதில் ஓடு. மேலே நின்றதை மறுபடி அரைக்க ஆசைப்படாதீர்கள், ஓடு பொடிந்து மாவில் இறங்கிவிடும். இந்த வழியில் 6.25 கணக்கில் 48 முதல் 50% வரை புரதம் வரும். தண்ணீர் இல்லை, கழிவுநீர் இல்லை.

குளோரோஜெனிக் அமிலம் அப்படியே இருக்கும், ஆகவே சேரும் பொருளில்தான் கவனம். பட்டிக் கலவையில் தக்காளியோ புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சேர்த்து பிஎச் 6க்குக் கீழே வைத்தால் நிறம் சாம்பல் பழுப்பு, பொரித்தால் தெரியாது. முறுக்கில் ஆப்பசோடா கூடாது. அப்பளத்தில் அப்பளக்காரம் இருப்பதால் இந்த மாவைச் சேர்க்கவே முடியாது. மஞ்சள் மீ (நூடுல்ஸ்) அதிலும் அப்படியே, அதில் காரநீர் ஊற்றித்தான் பிசைகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பச்சை மீ ஆகிவிடும்.

குறைந்த சூட்டில் செய்தோம் என்பதால் கிருமி சாகவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சால்மோனெல்லாவுக்குப் பருப்பை நீராவியில் காட்டி உடனே உலர்த்திய பிறகு பிழியுங்கள், அல்லது மாவு சேரும் பண்டம் முழுதாக வேகும் என்பதை உறுதிசெய்யுங்கள். ஈரமாவை மதிய வெக்கையில் மேசையில் விட்டு வைக்காதீர்கள்.

பிஎச்_மானி | #18

லைசினுக்கு ஒரு கணக்கு. உலக உணவு வேளாண் அமைப்பின் 2013 அளவுகோலில் பெரியவர்களுக்கு 1 கிராம் புரதத்தில் லைசின் 48 மி.கி. வேண்டும். சூரியகாந்தியில் ஏறக்குறைய 35, கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 67. புரதத்தில் 60 பங்கு சூரியகாந்தி, 40 பங்கு கொண்டைக்கடலை என்றால் 21 கூட்டல் 26.8, மொத்தம் 47.8. கந்தக அமினோ அமிலம் சூரியகாந்தியிலிருந்து வந்துவிடும். இது புரதப் பங்கு, மாவின் எடை அல்ல: சூரியகாந்தி மாவு 48%, கொண்டைக்கடலை மாவு 22% என்று வைத்தால், எடையில் சூரியகாந்தி 100 கிராமுக்குக் கொண்டைக்கடலை 145 கிராம். பட்டிக்கு இந்தக் கலவை பிணைப்பும் தரும்.

புக்கிட்_பாஞ்சாங் | #19

மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சு வழியே தள்ளும் எக்ஸ்ட்ரூடரில் விட்டு இறைச்சி நார் போல ஆக்க முடியுமா?

செனோக்கோ_செக்கு | #20

எண்ணெய் 7%க்குக் கீழே இருந்தால் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் உருளைக்குள் வழுக்கும், உராய்வு இருக்காது, நார் சேராது. உலர்முறைக்கு ஈரம் 20 முதல் 30%, உருளைக் கடைசியில் 130 முதல் 160 டிகிரி. ஈரமுறைக்கு 50 முதல் 70% ஈரமும் நீளமான குளிரூட்டும் அச்சும் வேண்டும். உரித்த சூரியகாந்தி மாவிலிருந்து செய்த உலர் துண்டுகள் ஐரோப்பாவில் விற்பனையில் இருக்கின்றன, ஆகவே முடியாதது இல்லை. இயந்திரம் வாங்குவதற்கு முன் செனோக்கோவில் இருக்கும் ஃபுட்பிளான்டில் கேளுங்கள். சிறு தொகுதி செய்து பார்க்கவென்றே 2022இல் திறந்தது.

ஜூரோங்_ஆய்வகம் | #21

மாவாகவே பயன்படுத்துவதில் இன்னொரு வசதி. சிங்கப்பூர் உணவு அமைப்பு, கணிசமான மக்கள் குறைந்தது 20 ஆண்டுகள் உணவாக உண்டுவந்த வரலாறு இல்லாத பொருளைப் புதுவகை உணவாகப் பார்க்கிறது. விற்பனைக்கு முன் பாதுகாப்பு மதிப்பீட்டு ஆவணம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். சூரியகாந்திப் பருப்பை அரைத்த மாவு ஒன்று, பிரித்துச் செறிவாக்கிய புரதம் வேறொன்று. பிரித்தெடுப்பதாக இருந்தால் கரைப்பான், பிஎச், சூடு என்று முறையை எழுதி அமைப்பிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

யீஷூன்_அடுக்களை | #22

அண்ணே, பருப்புக்கு மாறுகிறேன். பழைய புண்ணாக்கு 20 கிலோ மிச்சம். புது மாவு வாங்கும்போது நல்லதா என்று கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

காரநீர் | #23

மிச்சத்தை உணவில் சேர்க்க வேண்டாம். 95 டிகிரி பார்த்தது, எண்ணெய் 12%, எத்தனை நாள் மூட்டையில் இருந்ததோ. செடிக்குப் போடுங்கள்.

புது மாவுக்கு நான்கு கண்ணாடிக் குவளை போதும். ஒவ்வொன்றிலும் மாவு 5 கிராம், நீர் 100 மி.லி. முதலாவதில் எலுமிச்சைச் சாறு சில துளி, இரண்டாவதில் வெறும் நீர், மூன்றாவதில் ஆப்பசோடா அரைத் தேக்கரண்டி, நான்காவதில் அதே சோடாவோடு அஸ்கார்பிக் அமிலம் ஒரு சிட்டிகை. இரண்டு மணி நேரம் மூடாமல் வையுங்கள். மூன்றாவது எவ்வளவு பச்சையோ அவ்வளவு குளோரோஜெனிக் அமிலம். நான்காவது பச்சையாகாமல் நின்றால் அஸ்கார்பிக் அமிலம் உங்களுக்கு வேலை செய்யும். பிஎச் தாளால் ஒருமுறை பாருங்கள், சிட்டிகை பெரிதாகிச் சோடாவையே அமிலம் அணைத்திருந்தால் அந்தக் குவளை கணக்கில் வராது. இரண்டாவது குவளையைக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்: மேல்நீர் பால் போல நின்றால் புரதம் உயிரோடு இருக்கிறது, கண்ணாடி போலத் தெளிந்து எல்லாம் அடியில் மணலாக உட்கார்ந்தால் அந்த மாவு வெந்தது, வாங்காதீர்கள்.

செனோக்கோ_செக்கு | #24

வாயில் ஒரு சிட்டிகை போட்டும் பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தொண்டையில் முதலில் தெரியும்.